கோணச்சட்டி

மார்ச் 15, சனி

ஊருக்குப் பித்துப் பிடித்திருக்கிறது. காலை ஐந்தரை மணிக்கு ஒலிபெருக்கிச் சோதனை. மூன்றுக்குமேல் எண்ணத் தெரியாத ஒருவன் நாற்பது நிமிடம் எண்ணினான். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு முள்ளிக்குடியில் அம்மன் திருவிழா. கிழக்குத் தெரு மேளம் முன்னால் போவதா, மேற்குத் தெரு மேளமா என்ற சச்சரவில் நின்றுபோனது. இப்போது ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: இரண்டு மேளமும் வேண்டாம், வெளியூர் பேண்டு வாத்தியம். இதைக் கண்டுபிடிக்க ஏழு ஆண்டு. நான் முதல் வாரத்திலேயே சொன்னேன்.

கத்திரிச் செடிகளுக்கு வேப்பெண்ணெய் தெளித்தேன். முழங்காலுக்கு வேறு எண்ணெய்.

சுபத்ரா கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். முதியோர் குடியிருப்பில் எனக்கு அறை கிடைத்துவிட்டது. 24ஆம் தேதி திங்கட்கிழமை நானே நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். தவறினால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். வருகிறேன் என்றேன். எழுபத்து நான்கு வயதில், ஜனவரியில் குளியலறையில் வழுக்கி விழுந்தவள், தம்பி மகள் ஒருத்தி அக்கறையோடு ஏற்பாடு செய்வதை மறுப்பது அறிவுடைமை ஆகாது. பன்னிரண்டு ஆண்டுகள் முன், தாவரவியல் பேராசிரியையாக ஓய்வுபெற்றதும், இந்த ஊர்க் கண்மாய்க் கோரைகளை ஆராய இரண்டு மாதம் என்று வந்தேன். கோரை ஆராய்ச்சி எப்போதோ முடிந்துவிட்டது.

அன்று நான் விழுந்த ஓசை யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் ஆறேகால் செய்திக்கு என் வானொலி பாடவில்லை என்பதைப் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் கவனித்துவிட்டாள். நான்கு நிமிடத்தில் கதவின் தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு பதினோரு பேர் உள்ளே நின்றார்கள். குளியலறையில். பதினோரு பேர்.

தாழ்ப்பாள் இன்னும் மாற்றவில்லை. தச்சர் வரமாட்டேன் என்கிறார். நான் கூப்பிடவும் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

பஞ்சவர்ணம் அடுப்படிக்குள் வந்தாள். தாழ்ப்பாள் இருந்த காலத்திலும் அவள் கதவைத் தட்டியதில்லை.

“பொரபசரம்மா, ஒரு கை பாசிப்பயறு குடுங்க. சுண்டலுக்குக் கொறையுது.”

“போன மாதம் வாங்கிய புளியைத் திருப்பித் தந்தாயா?”

“அந்தப் புளி ரசமாகி வயித்துல கரைஞ்சு போச்சு. அதத் திருப்பித் தந்தா வாங்குவீகளா?”

ஒரு கை கொடுத்தேன். சுண்டலுக்கு ஒரு கைப் பயறு எப்படிப் போதும் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது எழுதும்போது தோன்றுகிறது. இவர்களின் சமையற்கணக்கு எனக்கு என்றுமே விளங்கியதில்லை.

மார்ச் 17, திங்கள்

நாளை காப்புக் கட்டு. அம்மன் கோயிலில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டால் விழா முடியும்வரை, அதாவது 28ஆம் தேதிவரை, முள்ளிக்குடிக்காரர் எவரும் வெளியூரில் இரவு தங்கக்கூடாது. பகலில் போகலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். துபாய்க்குப் போகவிருந்த ஒருவன் விமானச் சீட்டையே மாற்றியிருக்கிறான்.

முறைப்படி ஊர்த் தலைவர் சோணைமுத்து அம்பலத்திடம் போய், ஞாயிறு மாலை கோயம்புத்தூர் புறப்படுகிறேன், அறைக்குக் கையெழுத்துப் போடப்போகிறேன், ஏப்ரலில் வீட்டைக் காலிசெய்வேன் என்று அறிவித்தேன். பத்துப் பேர் கூடியிருந்தார்கள். காப்பு விதியைச் சொல்லி மறுத்தால் எடுத்துவைப்பதற்கு நான்கு காரணங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “தாராளமாப் போயிட்டு வாங்கம்மா. அந்தக் கட்டுப்பாடெல்லாம் ஊருக்காரவுகளுக்குத்தேன். ஒங்களுக்கு என்ன?”

நான்கு காரணங்களும் வீணாயின. மகிழ்ச்சி.

வீட்டுக்கு வந்து கூடத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்தேன். எதை மாட்டுவதற்கு என்று பிறகு யோசிக்கலாம்.

மார்ச் 18, செவ்வாய்

காப்புக் கட்டியாயிற்று. சரியான கூட்டம், நல்ல குலவை. என்னை வழக்கம்போல வேப்பமரத்தடியில், ஓய்வுபெற்ற துணைத் தாசில்தாருக்குப் பக்கத்தில், விருந்தினருக்கான பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் கலர் கொடுத்தார்கள். அவர் இந்த ஊர்க்காரர் அல்லர். கொசுவைப் பற்றிப் பேசினார்.

முளைப்பாரியும் இன்றே இட்டார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு சட்டி, மொத்தம் அறுபத்து நான்கு வீடு. வைக்கோலும் தொழுவுரமும் பரப்பி, அந்தந்த வீட்டுத் தானியத்தை விதைத்து, ஜன்னல் அடைத்த முளைப்பாரி வீட்டில் இருட்டில் வளர்க்கிறார்கள். சிகப்பி என்ற மூதாட்டி மட்டும் உள்ளே போய் நீர் தெளிப்பாள். பத்தாம் நாள் பயிர் எவ்வளவு உயரம், எவ்வளவு வெளுப்பு என்பதை வைத்து ஊரின் நன்மை தீமை சொல்வார்கள். ஒளியில்லாத இடத்தில் தண்டு நீண்டு வெளுப்பது தாவர இயல்பு. நாற்பது ஆண்டுகள் கல்லூரியில் இதைப் பாடமாக நடத்தினேன். ஆனால் என் மாணவிகள் எவரும் அதற்குக் குலவை இட்டதில்லை.

மண்சட்டிக்குப் பதில் இவ்வாண்டு எவர்சில்வர் சட்டி. பஞ்சவர்ணத்தின் மகன் சிங்கப்பூரிலிருந்து காணிக்கையாக அனுப்பியவை. வெயிலில் அடுக்கிவைத்திருந்தது கண்ணைக் கூசவைத்தது.

மார்ச் 19, புதன்

மாலையில் தெருவில் கும்மி. இருபது பெண்கள், மூன்று சுருதி. நான் வாசலில் நின்று பார்த்தேன். அதிக நேரமில்லை, இரண்டு மணி நேரம்.

மார்ச் 20, வியாழன்

என்ன ஒரு நாள்!

காலை ஏழு மணிக்குப் பஞ்சவர்ணம் கொல்லை வழியாக வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. என்னுடன் பேசுகையில் ஒரு ஏச்சும் இல்லாதது அதைவிடக் கலவரமாக இருந்தது.

“மூணு நாளாச்சு. ஒத்த முளை கெளம்பல. அடைச்ச வீட்டுல ஒரு மாதிரி வாடை. வெளிய தெரிஞ்சா எம் மகன் அனுப்புன சட்டியாலதேன்னு நாளைக்கே ரெண்டு தெருவும் வெட்டிக்கும். நீங்க செடி படிச்சவுக. வந்து பாருங்க.”

காப்புக் கட்டாதவள் உள்ளே போகக்கூடாதாம். சரி, ஒரு சட்டியை வெளியே கொண்டுவரச் சொன்னேன். வாசலிலேயே விளங்கிவிட்டது, அழுகல் நாற்றம். சாய்த்தேன், அரைப் படி தண்ணீர் வடிந்தது. பயறெல்லாம் கொழகொழவென்று கிடந்தது. மண்சட்டி நீரை உறிஞ்சி வெளியே விடும்; எவர்சில்வர் விடாது. மண்சட்டிக்குத் தெளித்த அளவையே சிகப்பி இதற்கும் தெளித்திருக்கிறாள். விதை மூச்சுத் திணறிச் செத்துவிட்டது.

“அடியில் துளை போட்டிருக்க வேண்டும்.”

சிகப்பி சுவரில் சாய்ந்தபடி அழுதாள். “நாந்தேன் சொன்னேனே! ஓட்டச் சட்டி ஆத்தாவுக்கு ஆகாதுன்னு நாந்தேன் தடுத்தேன்.”

தச்சன் ஒருவன் துளைபோடும் இயந்திரத்தோடு அன்றே வந்து நின்றானாம். குறையுள்ள பாத்திரம் அம்மனுக்கு ஆகாதென்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அம்மனுக்குக் குறையில்லாமல் செய்ய நினைத்து அம்மனின் பயிரையே மூழ்கடித்த ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

“எட்டு நாள் இருக்கிறது. இன்றே பயறை ஊறப்போட்டு நாளைக் காலை மண்சட்டியில் ஊன்றினால் ஒரு சாண் வளரும். அழுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

ஷேர் ஆட்டோவில் பஞ்சவர்ணமும் நானும் மூன்று மைல் தள்ளியிருக்கும் குயவர் ஆண்டி வேளாரிடம் போனோம். அவர் எங்களைப் பார்த்ததும் சக்கரத்தை நிறுத்தவில்லை.

“வாங்க, வாங்க. சிங்கப்பூருச் சட்டி மொளைக்கலையாக்கும்?”

“யாரு சொன்னா ஒங்களுக்கு?” என்றாள் பஞ்சவர்ணம்.

“ஒங்க மூஞ்சி சொல்லுது. போன மாசமே வனைஞ்சு சுட்டு வச்சிட்டேன். ஆர்டர் வரும் வரும்னு பாத்தா எவர்சில்வரு வந்து எறங்குச்சாம். எம் மண்ணு கசந்துருச்சு ஒங்களுக்கு.”

“கசந்தது தவறுதான். இப்போது அறுபத்து நான்கு சட்டி வேண்டும்” என்றேன். தவறை ஒப்புக்கொண்டால் மனிதர்கள் உடனே எழுந்துவிடுகிறார்கள், அவரும் எழுந்தார்.

“அறுவத்தஞ்சு,” என்றாள் பஞ்சவர்ணம்.

“அறுவத்தி நாலுதேன் சுட்டேன்.”

“இன்னொண்ணு வேணும். எதாவது பாருங்க.”

உடைந்தால் மாற்றுக்கு என்று புரிந்துகொண்டேன். அவளிடம் இத்தனை முன்யோசனையை நான் எதிர்பார்த்ததில்லை. வேளார் சூளைக்குப் பின்னாலிருந்து ஒன்றைத் தேடி எடுத்துவந்தார். வேகும்போது சாய்ந்து விளிம்பு ஒருபக்கம் வளைந்த சட்டி. “கோணலு. ஆனா கெட்டி,” என்றார்.

மாலையில் பெண்கள் வீடுவீடாக மறுபடி தானியம் திரட்டினார்கள், ஓசையில்லாமல். பஞ்சவர்ணம் என் அடுப்படிக்கு வந்து, டப்பாவைத் திறந்து, ஒரு கைப் பயறு எடுத்துக்கொண்டு போனாள். இம்முறை கேட்கக்கூட இல்லை. ஊரே அல்லாடும் நாளில் இவளுக்குச் சுண்டல்!

மார்ச் 21, வெள்ளி

காலையில் ஊன்றத் தொடங்கும்போது சிகப்பிக்கு நல்ல காய்ச்சல். மூன்று நாள் விரதமும் அழுகையும் சேர்ந்து அவளைக் கிடத்திவிட்டன. இனி உள்ளே யார் போவது? வயதான பெண்ணாக இருக்க வேண்டும், நாளுக்கு மூன்று முறை குளிக்க வேண்டும், ஒருபொழுது உணவு, காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். முளைப்பாரி வளர்ப்பவளுக்கு விதி இன்னும் கடுமை: இரவு மட்டுமல்ல, பகலிலும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. ஊரில் வயதான பெண்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மறுபடி முளைக்காவிட்டால் பழி யார் தலையில் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருத்திக்கு இடுப்புவலி. ஒருத்திக்குச் சளி. ஒருத்தி நேற்றுவரை இல்லாத சர்க்கரை நோயைச் சொன்னாள்.

“நான் போகிறேன்” என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையது.

அம்பலம் தொண்டையைச் செருமினார். “அம்மா, காப்புக் கட்டுனா இருவத்தெட்டு வரைக்கும் எல்லை தாண்டக் கூடாது. திங்கக்கெழம ஒங்களுக்குக் கோயமுத்தூரு.”

“தேதி எனக்குத் தெரியும்.”

“ஒங்களுக்குச் சாமி நம்பிக்கையும் இல்லையே.”

“முளைப்பதற்குத் தேவை இருட்டு, ஈரம், காற்று, சூடு. நம்பிக்கை அந்தப் பட்டியலில் இல்லை. கயிற்றைக் கட்டுங்கள், பயறு ஊறிக் காத்திருக்கிறது.”

கட்டினார். மஞ்சள் சாயம் மணிக்கட்டில் இறங்கிவிட்டது. மூன்று குளியலுக்கும் போகவில்லை.

இது முழுக்கவும் ஒரு முளைப்புச் சோதனை. அறுபத்தைந்து மாதிரிகள் கொண்ட சோதனை எந்தக் கல்லூரியிலும் எனக்கு அமைந்ததில்லை. அந்தக் காரணத்துக்காகவே ஒப்புக்கொண்டேன் என்று இங்கே பதிவுசெய்கிறேன்.

மார்ச் 22, சனி

முளைத்துவிட்டது! முளைத்துவிட்டது! அறுபத்தைந்தும்!

மார்ச் 23, ஞாயிறு

நேற்று எழுதியது நிதானமற்ற நடை. அடிக்காமல் விடுகிறேன்.

மாற்றுக்கு வாங்கிய கோணச்சட்டியிலும் விதைத்திருக்கிறார்கள். திண்ணமாகத் தவறு. காய்ச்சல் தணிந்து வாசலில் உட்கார்ந்திருந்த சிகப்பியிடம் கேட்டேன்: “வீடு அறுபத்து நான்கு. சட்டி ஏன் அறுபத்தைந்து?”

“கணக்குச் சரியாத்தேன் இருக்கு,” என்றாள், நிலைப்படியைப் பார்த்தபடி.

“சரியில்லை. நான் இரண்டு முறை எண்ணினேன்.”

“நீங்க மூணாந்தடவ எண்ணுங்க.”

காய்ச்சல் முற்றிலும் தணியவில்லை போலும்.

விளிம்பு வளைந்ததால் அந்தச் சட்டியில் ஒருபக்கம் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. யாருடையது என்று தெரியாத பயிர். அதற்காகக் காயவிட முடியுமா? கூடுதலாக ஒரு கை நீர்.

மார்ச் 24, திங்கள்

பதினொரு மணிக்குச் சுபத்ராவின் அழைப்பு. அறை வரிசையில் அடுத்தவருக்குப் போய்விட்டது.

“அத்தை, ஒரு கயித்துக்காகவா? நீங்க பிஎச்.டி.!”

“அதனால்தான் என்னை அழைத்தார்கள்.”

“ஒங்களுக்கு வருத்தமே இல்லையா?”

நீர் தெளிக்கும் நேரம் ஆகிவிட்டது என்று வைத்துவிட்டேன். ஆகவில்லை, இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. முன்கூட்டியே போய் இருட்டில் உட்கார்ந்துகொண்டேன். அறை முழுக்கப் பச்சைப் பயறு வாசம். காது கொடுத்தால் விதைத்தோல் கழன்று விழும் ஓசை கேட்கிறது. இதை எந்தப் பாடநூலும் குறிப்பிட்டதில்லை, கண்டிக்கத்தக்க விடுபாடு.

மார்ச் 26, புதன்

மூன்று குளியல், ஒரு சோறு, வெறுங்கால். முழங்கால் சொன்னதைக் கேட்கவில்லை. நானும் அது சொன்னதைக் கேட்கவில்லை. வாசற்படியில் இளநீர், வேப்பம்பூ, தைலம் எனத் தினமும் ஏதேனும் இருக்கிறது. வைப்பவர் யாரும் பெயர் சொல்வதில்லை. மேற்குத் தெரு தைலம் வைத்தால் கிழக்குத் தெரு அதைவிடப் பெரிய புட்டி வைக்கிறது.

சராசரி உயரம் 16 செ.மீ. வெளுப்பு மிக நன்று.

மார்ச் 28, வெள்ளி

கையெழுத்து கோணலாக இருந்தால் அது கைவலி. வேறொன்றுமில்லை.

காலை ஒன்பது மணிக்கு முளைப்பாரி வீட்டின் கதவைத் திறந்தார்கள். வெளிச்சம் உள்ளே விழுந்ததும் அறுபத்தைந்து சட்டிப் பயிரும் ஒரே மஞ்சளாய்ப் பொலிந்து நின்றது. பிறகு குலவை, என் காது இன்னும் திறக்கவில்லை. பேண்டு வாத்தியக்காரர்கள் தாங்கள் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து நின்றார்கள்.

அம்பலம் ஒவ்வொரு வீட்டின் பெயராகச் சொல்லிக் கூப்பிட, அந்த வீட்டுப் பெண் வந்து தன் சட்டியை வாங்கித் தலையில் ஏற்றிக்கொள்வது வழக்கம். நான் உள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். கிழக்குத் தெரு, மேற்குத் தெரு, மாறி மாறி. பஞ்சவர்ணத்தின் சட்டி காடாய் வளர்ந்திருந்தது. அவள் ஒரு சுற்றுச் சுற்றி எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் தூக்கினாள். அறுபத்து நான்கும் முடிந்தன. கோணச்சட்டி மட்டும் தரையில் இருந்தது.

“ஒன்று மிச்சம். அன்றே சொன்னேன், எண்ணிக்கை தவறு என்று” என்றேன்.

அம்பலம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். “பொரபசரம்மா வீடு!”

அப்படி ஒரு வீடு எங்கே என்று திரும்பிப் பார்த்தேன்.

“ஒங்க வீட்டுப் பயறுதேன்,” என்றாள் சிகப்பி. “மொதல்லயும் ஒங்க வீட்டுப் பயறு, ரெண்டாந்தடவயும் ஒங்க வீட்டுப் பயறு.”

நான் பஞ்சவர்ணத்தைப் பார்த்தேன். தலையில் சட்டியோடு அவளால் குனிந்து முகத்தை மறைத்துக்கொள்ள முடியவில்லை.

“சுண்டல் என்றாயே?”

“ஆமா, ஒரு கை பயறுல சுண்டல் அவிப்பாக. இவ்வளவு படிச்சவுக அதையும் நம்புவாக.”

“அம்பலம், விதி எனக்கு இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?”

“போகணும்னு முடிவு பண்ணி வந்தவுகளக் கயித்தக் காட்டி நிறுத்தச் சொல்றீகளா? அது மரியாதையா? போற வழியில மனசு உறுத்தக் கூடாதுன்னு சொன்னேன்.” தலையைச் சொறிந்தார். “அதுக்காக வீட்டக் கழிச்சுட முடியுமா? ஊரு கணக்குல அறுவத்தஞ்சுதேன்.”

“நான் போயிருந்தால் இதை யார் தூக்குவது?”

“நாந்தேன்,” என்றாள் பஞ்சவர்ணம். “எனக்கென்ன தலை ஒண்ணுதேன் இருக்கு, இடுப்பு இல்லையா?”

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். மூன்று குளியல் குளித்துக் கூட்டத்தில் நின்றால் மூக்கு ஒழுகுவது இயல்பு.

தூக்கினேன். சும்மாடு கூட்டியது சிகப்பி. வேப்பமரத்தடியில் என் நாற்காலி போட்டிருந்தார்கள்; பழக்கம். அதைத் தாண்டி நடக்கையில் துணைத் தாசில்தார் கலர் புட்டியோடு பாதி எழுந்து, எனக்கு வணக்கம் சொல்வதா அம்மனுக்குச் சொல்வதா என்று தடுமாறினார். கோயில்வரை அரை மைல், அங்கிருந்து கண்மாய்வரை இன்னொரு அரை மைல். கோணலான சட்டி இடப்பக்கமே சாய்ந்தது.

பின்னாலிருந்து பஞ்சவர்ணம் கத்தினாள்: “ஏ மதினி! ஆடாம நடங்க! ஒங்க பயிரு என் கண்ணக் குத்துது!”

பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த ஊரில் என்னை எவரும் முறை சொல்லி அழைத்ததில்லை. அண்ணன் மனைவி முறைக்காரியைத்தான் இப்படி உரிமையோடு ஏசலாம் என்பது இங்கே வழக்கு. திரும்பி ஒரு பதில் சொல்லியிருப்பேன். தலையில் சட்டி இருந்தது.

கண்மாயில் இடுப்பளவு நீர் இருந்தது. கரைத்தோம்.

மார்ச் 29, சனி

காப்பை அவிழ்த்தாயிற்று. முழங்கால் பூசணிக்காய் அளவு. எட்டு மணிவரை தூங்கிவிட்டேன். ஆறேகாலுக்கு வானொலி பாடாததால் பஞ்சவர்ணம் வந்து மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போனாளாம். காலி மண்சட்டியைக் கழுவிக் கூடத்தில் வைத்தேன். சுவரில் அடித்த ஆணிக்குக் காப்புக் கயிறு பொருத்தமாக இருந்தது.

சுபத்ரா அழைத்தாள். நவம்பரில் இன்னொரு அறை காலியாகுமாம், பெயரைக் கொடுத்துவைக்கட்டுமா என்று கேட்டாள். நவம்பரில் கண்மாய் நிறைந்திருக்கும், கோரை பூக்கும் பருவம், வசதிப்படாது என்றேன்.

கரைப்பதற்கு முன் எல்லாச் சட்டிகளையும் அளந்து குறித்திருந்தேன், இப்போதுதான் வரிசைப்படுத்தினேன். பஞ்சவர்ணம் வீடு: 27 செ.மீ., நான்காம் இடம். என் வீடு: 19 செ.மீ., அறுபத்தைந்தில் அறுபத்து மூன்றாவது. சட்டியில் குற்றமில்லை; பயறு கடைச் சரக்கு, பழையது. கொல்லையில் கத்திரியை எடுத்துவிட்டு வரும் தையில் நானே பாசிப்பயறு விதைக்கிறேன். நான்காம் இடத்தை அவள் எத்தனை நாள் வைத்துக்கொள்கிறாள் என்று பார்க்கலாம்.